ஹூக்கா தடையும் பதின்வயதினரும்: காவிரிப் படுகையிலிருந்து பார்க்கும்போது

தமிழ்நாட்டில் ஹூக்கா விடுதிகளைத் தடை செய்யும் சட்டத்திருத்தம் 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் பின் 2023இல் சட்டமானது. இளைஞர்களையும் மாணவர்களையும் புதுவகைப் புகைப்பழக்கத்திலிருந்து காப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. சிறுவர்களைப் புகையிலையிலிருந்து விலக்கி வைக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் இதற்கு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் ஹூக்காவைவிட மெல்லும் புகையிலையே நெடுங்காலமாக ஆட்சி செய்து வந்துள்ளது. எனவே இப்பகுதியை முன்வைத்துப் பார்க்கும்போது, ஒரு கருவியைத் தடை செய்யும் கொள்கை எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி தெளிவாகத் தெரிகிறது.

ஹூக்கா என்பது என்ன?

ஹூக்கா என்பது நீர் நிரம்பிய குடுவையின் வழியே புகையை இழுத்துப் புகைக்கும் கருவி. பழைய தமிழ் வழக்கில் இதை உக்கா என்றும் குறிப்பிட்டனர். மேலே உள்ள கிண்ணத்தில் புகையிலைக் கலவையை வைத்து அதன்மேல் கரித்துண்டு எரிக்கப்படும். புகை நீரைக் கடந்து குழாய் வழியாக வாயை அடைகிறது. வெல்லப்பாகு, பழச்சுவை, நறுமணம் சேர்த்த புகையிலை 1990களில் மேற்கு ஆசியாவில் பரவலாக விற்பனைக்கு வந்தது. முதியோர் பழக்கமாக இருந்த ஹூக்கா உலகெங்கும் கல்லூரி மாணவர்களின் பொழுதுபோக்காக மாறியதற்கு இந்த மாற்றமே முக்கியக் காரணம்.

நீர் புகையை வடிகட்டித் தூய்மையாக்குகிறது என்பது பரவலான தவறான நம்பிக்கை. நீர் புகையைக் குளிரச் செய்கிறது. அதனால் தொண்டை எரிச்சல் குறைந்து, புகையை ஆழமாகவும் நீண்ட நேரமும் இழுக்க முடிகிறது. நிகோடினும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் புகையில் நீடிக்கின்றன. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது. ஒரு முறை அமர்ந்து ஹூக்கா புகைப்பவர், நூறோ அதற்கு மேலோ சிகரெட்டுகளைப் புகைப்பவர் இழுக்கும் அளவுக்கு ஈடான புகையை உள்ளிழுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு ஆலோசனைக் குறிப்பு எச்சரித்தது. ஒரே குழாயைப் பலர் பகிர்வதால் தொற்றுநோய்களும் பரவலாம்.

புகையிலையின் வருகை

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்ற தூதர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொண்டுசென்றதை எழுதி வைத்துள்ளார். அக்பருக்குப் பின் வந்த ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1604இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே வெளியிட்டிருந்தார். இரண்டு மன்னர்களின் எதிர்ப்பையும் மீறிப் பழக்கம் பரவியது. புகையிலையைத் தடுக்கும் அரச ஆணைகளின் வரலாறு அது பரவிய வரலாற்றோடு ஏறக்குறைய ஒரே வயதுடையது.

காவிரிப் படுகையின் கடற்கரை ஐரோப்பிய வணிகத்தோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் இருந்தனர். 1658இல் அது டச்சுக்காரர் கைக்கு மாறியது. தரங்கம்பாடியில் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனிஷ்காரர் குடியேறினர். புதிய பயிரும் புதிய பழக்கமும் தமிழ்நாட்டில் விரைவாகவே வேர்விட்டன. புகையிலையைத் தூது அனுப்புவதாக அமைந்த ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியத்தைச் சீனிச் சர்க்கரைப் புலவர் பாடினார், உ. வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அன்னத்தையும் கிளியையும் தூது விட்ட மரபில் புகையிலைக்கும் இடம் கிடைத்தது, அது தமிழர் வாழ்வில் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழின் ‘சுருட்டு’ என்பதிலிருந்து சென்றதே. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளிச் சுருட்டுகள் காலனியக் காலத்தில் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தன.

படுகையின் பழக்கம்: மெல்லும் புகையிலை

வட இந்தியச் சிற்றூர்களில் ஹூக்கா ஊர்க்கூட்டத்தின் அடையாளமாக இருந்தது. தமிழ்நாட்டில் அது அவ்வாறு வேரூன்றவில்லை. காவிரிப் படுகையில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு என்ற வரிசையில் நான்காவதாகப் புகையிலை சேர்ந்தது. கும்பகோணம் வெற்றிலை இன்றும் பெயர் பெற்றது. வேதாரண்யம் வட்டாரத்து மணற்பாங்கான நிலத்தில் மெல்லுவதற்கான புகையிலை பயிரிடப்பட்டு, ‘வேதாரண்யம் புகையிலை’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் உருவாகும் வரை வேதாரண்யம் தஞ்சாவூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

மெல்லும் பழக்கம் பரவியதில் தொழிலுக்கும் பங்குண்டு. சேற்றில் நின்று நாற்று நடுபவரின் ஈரக் கைக்குப் பீடியைப் பற்றவைப்பதைவிட மடியில் முடிந்த புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது எளிது. பசியையும் அலுப்பையும் சற்று மறக்கச் செய்யும் என்பதால் வேலையாட்களுக்கு வெற்றிலை பாக்குடன் புகையிலையும் தரும் வழக்கம் இருந்தது. விருந்து, திருமணம், கச்சேரி என எல்லா இடங்களிலும் வெற்றிலைத் தட்டு மரியாதையின் அடையாளமாக இருந்தது. இதனால் புகைபிடிக்கும் சிறுவனைக் கண்டிக்கும் வீட்டிலும் புகையிலை மெல்லுவது குற்றமாகப் படவில்லை. பெரியவர்களின் செல்லப்பெட்டியே பல குழந்தைகள் புகையிலையை முதலில் கண்ட இடம். வெற்றிலையும் பாக்கும் சேர்ந்த தாம்பூலம், புகையிலை சேராதபோதும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது.

சிறுவர்களுக்கான முதல் சட்டங்கள்

பதின்வயதினரைக் குறிவைத்த புகையிலைச் சட்டங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. பிரிட்டனின் 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு சிகரெட் விற்பதைக் குற்றமாக்கியது. அதன் சாயலில் பஞ்சாபில் 1918இலும் வங்காளத்தில் 1919இலும் சிறுவர் புகைபிடித்தல் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இந்தச் சட்டங்களின் பின்னணியில் ஒரு புதிய பொருள் இருந்தது: இயந்திரத்தில் உருவான மலிவான சிகரெட். சுருட்டைவிட மென்மையானது, ஒன்றொன்றாக வாங்கக்கூடியது, சட்டைப்பையில் ஒளித்து வைக்கக்கூடியது. சிறுவர்களிடம் அது பரவியபோதுதான் ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டனர். பிற்காலத்தில் குட்காப் பொட்டலம், பழச்சுவை ஹூக்கா, மின்சிகரெட் என்று ஒவ்வொரு முறையும் இதே வரிசை திரும்பியது. மென்மையான, மலிவான, மறைக்க எளிதான ஒரு புதிய வடிவம் முதலில் சந்தைக்கு வரும். அது பரவிய பின்னரே சட்டம் வரும்.

1975 முதல் 2004 வரை

விடுதலைக்குப் பின் இந்திய அளவிலான முதல் சட்டம் 1975ஆம் ஆண்டின் சிகரெட் ஒழுங்குமுறைச் சட்டம். சிகரெட் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் உடல்நல எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. பீடி, மெல்லும் புகையிலை, ஹூக்கா புகையிலை ஆகியவை அதன் வரம்புக்குள் வரவில்லை. அதாவது, காவிரிப் படுகையில் பெரும்பாலோர் பயன்படுத்திய பொருள்களைப் பற்றி அச்சட்டம் எதுவும் சொல்லவில்லை.

பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தடை செய்தது. முரளி தேவ்ரா வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிறுவனம், நூலகம், பொதுப் போக்குவரத்து உள்ளிட்ட இடங்களில் நாடு முழுவதும் புகைபிடிக்கத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் பொது இடங்களில் புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் தடை செய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அடுத்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டமே இன்றுவரை அடிப்படைச் சட்டமாக உள்ளது. அதன் அட்டவணையில் சிகரெட், சுருட்டு, பீடி, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, குட்கா ஆகியவற்றுடன் ஹூக்கா புகையிலையும் இடம்பெற்றது.

அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு பதின்வயதினருக்கு நேரடித் தொடர்புடையது. 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கக் கூடாது. 2004 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பன்னாட்டு உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றது.

குட்கா தடை

பாக்குத்தூளும் புகையிலையும் நறுமணமும் கலந்து சிறு பொட்டலங்களில் அடைத்த குட்கா பள்ளி மாணவர்களிடம் பரவியது. தமிழ்நாடு அரசு 2001இல் இதற்குத் தடை விதித்தது. ஆனால் அத்தகைய மாநிலத் தடைகளுக்கு அன்றைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் இடமில்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், உணவுப் பொருளில் புகையிலையும் நிகோடினும் சேரக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியும் வந்த பின், 2013 மே மாதத்தில் தமிழ்நாடு மீண்டும் தடை விதித்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட இந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் செல்லாது என்று அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

வாயில் அடக்கிக்கொள்ளும் சிறு பையாக, புதினா மணத்துடன் வரும் புகையிலைப் பொருள் அடுத்த கவலையானது. பள்ளி மாணவர்களிடையே ‘கூல் லிப்’ பரவுவது குறித்து 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நாடு முழுவதும் அதை ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. புகையும் வாடையும் இல்லாததால் வகுப்பறையிலேயே பயன்படுத்த முடிவது இதன் ஆபத்து.

ஹூக்கா விடுதிகள்: நீதிமன்றமும் சட்டமன்றமும்

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியப் பெருநகரங்களில் ஹூக்கா விடுதிகள் பெருகின. பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடை செய்த 2008ஆம் ஆண்டு விதிகள், 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட உணவகங்களும் 30 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளும் தனிப் புகைக்கூடம் வைத்துக்கொள்ள இடமளித்தன. அந்த வாசல் வழியாகவே ஹூக்கா விடுதிகள் நுழைந்தன. மும்பை மாநகராட்சி உரிம நிபந்தனைகள் மூலம் இவற்றைத் தடுக்க முயன்றபோது, சட்டம் அனுமதிக்கும் ஒன்றை உரிம நிபந்தனையால் தடுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கு விடையாக இரு வழிகள் பிறந்தன. முதலாவதாக, மத்திய அரசு 2017 மே மாதத்தில் விதியைத் திருத்தி, புகைக்கூடத்தில் எந்தச் சேவையும் வழங்கக் கூடாது என்றது. ஹூக்கா கொண்டுவந்து வைப்பதும் இதில் அடங்கும். இரண்டாவதாக, மாநிலங்கள் மத்தியச் சட்டத்தையே தம் எல்லைக்குள் திருத்தின. குஜராத் 2017இல் இதைத் தொடங்கியது. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் மகாராட்டிரமும், அதே 2018இல் பஞ்சாபும் தொடர்ந்தன. சட்டத்தைத் திருத்தாமல் நிர்வாக ஆணையால் மூட முயன்ற இடங்களில் தடை நிற்கவில்லை. கொல்கத்தாவில் மாநகராட்சி எடுத்த நடவடிக்கையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஏற்க மறுத்தது இதற்குச் சான்று.

தமிழ்நாட்டுத் திருத்தம்

தமிழ்நாடு தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. மத்தியச் சட்டத்தோடு முரண்படக்கூடிய மாநிலத் திருத்தம் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. திருத்தத்தின்படி உணவகம் உட்பட எந்த இடத்திலும் ஹூக்கா விடுதி நடத்தக் கூடாது. மீறினால் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கருவிகளைக் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு.

சட்டத்தின் குறி விடுதி நடத்துபவர்மீது உள்ளது. புகைத்த மாணவர்மீது இல்லை. இது கவனிக்கத்தக்க நல்ல கூறு. பழக்கத்துக்கு ஆளான சிறுவனைக் குற்றவாளியாக்கினால் அவன் உதவி தேடி வரமாட்டான். அதே வேளையில், வீட்டில் கருவி வாங்கி வைத்துப் புகைப்பதும், புகையிலை கலக்காத மூலிகை என்று சொல்லி விற்பதும் புகையிலைச் சட்டத்தால் பிடிப்பதற்குக் கடினமானவை.

தண்டனைகளின் ஏற்றத்தாழ்வு

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பள்ளிக்கு அருகில் 15 வயதுச் சிறுவனுக்கு ஒரு சிகரெட்டை விற்றவர், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம் கட்டினால் போதும். அதே செயலுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். ஹூக்கா விடுதி நடத்தினால் குறைந்தது ஓராண்டுச் சிறை.

ஒன்று மிக இலேசானது. மற்றொன்று பெட்டிக்கடைக்காரர்மீது பயன்படுத்த அதிகாரிகளே தயங்கும் அளவுக்குக் கடுமையானது. இரண்டுக்கும் நடுவே, கடைக்காரர் உண்மையாகவே அஞ்சக்கூடிய, அதிகாரியும் தயங்காமல் விதிக்கக்கூடிய தண்டனை இல்லை. புகையிலை விற்பதற்கென்று தனி உரிமம் வழங்கி, விதி மீறினால் அதை நிறுத்தி வைக்கும் முறை இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது.

பள்ளி வாசலும் பெட்டிக்கடையும்

100 கெஜ விதி காகிதத்தில் எளிமையானது. கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளாக அமைந்த படுகை நகரங்களில் பள்ளி, கடைத்தெரு, பேருந்து நிறுத்தம் எல்லாம் நெருங்கியே உள்ளன. சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவர் பள்ளி வாசலைவிடப் பேருந்து நிலையத்தில்தான் கூடுதல் நேரம் காத்திருக்கிறார். அங்குள்ள கடைக்கு இந்த விதி எட்டுவதில்லை. கடைக்காரரும் பெரும்பாலும் சிறு முதலீட்டில் பிழைப்பவர். புகையிலை அவருக்கு நாள்தோறும் உறுதியாக விற்கும் சரக்கு. வேதாரண்யத்து விவசாயியைப் போலவே அவருக்கும் மாற்று வருவாய் பற்றிய கேள்வி உண்டு. இதைப் பேசாமல் அபராதம் மட்டும் விதித்தால் விற்பனை மேசைக்கு மேலிருந்து கீழே போகும்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகையிலையில்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதல்கள், பள்ளியில் அறிவிப்புப் பலகை வைத்தல், பொறுப்பாளர் ஒருவரை அமர்த்துதல், 100 கெஜ எல்லையில் மஞ்சள் கோடு வரைதல் ஆகியவற்றைக் கூறுகின்றன. கோட்டை வரைவது ஒரு நாள் வேலை. அதற்குள் கடை வராமல் ஆண்டு முழுவதும் பார்ப்பதற்குக் காவல்துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, உள்ளாட்சி, பள்ளி ஆகிய நான்கும் சேர வேண்டும்.

எண்கள் சொல்வது

இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடையே நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 2009இல் 14.6 விழுக்காடு, 2019இல் 8.5 விழுக்காடு. இது ஊக்கம் தரும் சரிவு. ஆனால் பீடி புகைத்தவர்களில் 47 விழுக்காட்டினரும், புகையற்ற புகையிலை பயன்படுத்தியவர்களில் 52 விழுக்காட்டினரும் 10 வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள் என்று அதே ஆய்வு கூறியது. கல்லூரி வாசலில் தொடங்கும் தடுப்பு இவர்களுக்கு மிகவும் தாமதமானது.

பெரியவர்களிடையே நடந்த ஆய்வில் இந்திய அளவில் புகையிலைப் பயன்பாடு 2009-10இல் 34.6 விழுக்காட்டிலிருந்து 2016-17இல் 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 16.2இலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. நாட்டின் சராசரியைவிடக் குறைவு என்று நிறைவடைய முடியாத எண் இது. ஹூக்கா புகைப்போர் நாடு முழுவதுமே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

எவை பயன் தருகின்றன?

உலக அனுபவத்தில் பதின்வயதினரிடம் அதிகம் பலன் தந்தது விலை உயர்வு. கையில் காசு குறைவாக இருப்பதால் விலை மாற்றம் அவர்களை முதலில் தொடுகிறது. இந்தியாவில் 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு இழப்பீட்டுத் தீர்வை சேர்க்கப்பட்டது, பீடிக்குச் சேர்க்கப்படவில்லை. சிகரெட்டை உதிரியாக விற்பது தொடர்வதும் வரி உயர்வின் பலனைக் குறைக்கிறது. பெட்டி வாங்க முடியாதவர் ஒன்றை வாங்குகிறார். பெட்டியில் உள்ள பட எச்சரிக்கையையும் அவர் பார்ப்பதில்லை. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிரப்பும் அந்த எச்சரிக்கை, உதிரி விற்பனையில் கடைக்காரரின் கண்ணுக்கு மட்டுமே படுகிறது.

அடுத்தது வயது வரம்பு. அமெரிக்கா 2019 டிசம்பரில் விற்பனைக்கான குறைந்த வயதை 21 ஆக்கியது. கர்நாடகம் 2024இல் ஹூக்கா விடுதித் தடையுடன் வயதையும் 21 ஆக உயர்த்தும் திருத்தத்தை நிறைவேற்றியது. 18 வயது நண்பன் வழியாக 15 வயது மாணவனுக்குப் பொருள் கிடைப்பதை இது கடினமாக்கும்.

மூன்றாவது, விடுவதற்கான உதவி. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தமிழ்நாட்டில் புகையிலை விடுவிப்பு ஆலோசனையில் முன்னோடி. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 2018 முதல் புகையிலைப் பெட்டிகளில் அச்சிடப்படுகிறது. சிற்றூர் மாணவருக்கு அருகில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையமும் வகுப்பு ஆசிரியரும்தான். அவர்களுக்குப் பயிற்சி அளித்தால் ஆலோசனை அங்கேயே தொடங்கிவிடும்.

ஹூக்கா விடுதித் தடை, பெருநகரங்களில் பரவத் தொடங்கிய ஒரு பழக்கம் தஞ்சாவூர் போன்ற நகரங்களுக்கு வருவதற்கு முன்பே கதவை அடைத்திருக்கிறது. அந்த அளவில் அது முன்கூட்டியே வந்த அரிதான சட்டம். படுகையில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பொட்டலப் புகையிலையும் உதிரிப் பீடியும் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. விற்பனை உரிமம், உதிரி விற்பனைத் தடை, எல்லா வகைக்கும் சமமான வரி, 10 வயதுக்கு முன்பே தொடங்கும் பள்ளிக் கல்வி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அவற்றையும் தொட முடியும்.